நானோ துகள்கள் தாமாக அடுக்கிக்கொள்ள: முதல்முறை செய்து பார்ப்பவர்களுக்கு

220 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் உருண்டைகளைத் தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதில் சுத்தமான கண்ணாடித் தகடு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மிதமான சூட்டில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தண்ணீர் வற்றிய இடத்தில், தகட்டின் மேல் பச்சையாக மின்னும் ஒரு படலம் இருக்கும். சாயம் எதுவும் சேர்க்கவில்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில், ஓர் அடுக்கில் மட்டும் 200 கோடிக்கு மேற்பட்ட உருண்டைகள் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஒழுங்குதான் நிறமாகத் தெரிகிறது.

இதைத்தான் சுய ஒருங்கமைவு என்கிறோம். யாரும் ஒவ்வொரு துகளாக எடுத்து வைப்பதில்லை. துகளுக்கு ஏற்ற சூழலை அமைத்துக் கொடுத்தால், மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்கள், கல்லூரித் திட்டப்பணிக்கு இதை எடுத்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பலர் நேராக 5 நானோமீட்டர் தங்கத் துகளில் ஆரம்பிக்கிறார்கள். அது வேண்டாம். 200 நானோமீட்டர் அளவில் ஆரம்பித்தால், செய்தது சரியா தவறா என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். சின்னத் துகளில் அதைத் தெரிந்துகொள்ள எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு கோட்பாடு

சமன்பாடுகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று மட்டும் இப்போதே புரிந்திருக்க வேண்டும். துகள் தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டால், அங்கிருந்து எழுந்து வேறு இடம் தேட அதற்கு வழி இருக்க வேண்டும்.

தண்ணீரில் மிதக்கும் 200 நானோமீட்டர் துகளைச் சுற்றியுள்ள மூலக்கூறுகள் ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கும். இந்த பிரௌனியன் அலைச்சலில், சுமார் நூறில் ஒரு பங்கு நொடியில் அது தன் விட்டமளவு தூரம் நகர்ந்துவிடும். இரு துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பு இந்த வெப்ப ஆற்றலைப்போலச் சில மடங்கே இருந்தால், ஒட்டும், பிரியும், மறுபடி ஒட்டும். மெல்ல மெல்ல நல்ல இடம் கிடைக்கும். ஈர்ப்பு பல பத்து மடங்காகிவிட்டால் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பஞ்சு மாதிரி ஒரு கட்டிதான் மிஞ்சும்.

அப்படியானால் ஈர்ப்பே இல்லாவிட்டால்? அப்போதும் படிகம் உண்டாகும். ஒன்றையொன்று ஊடுருவாது என்பதைத் தவிர வேறு எந்த விசையும் இல்லாத கோளங்கள், நெருக்கம் கூடினால் தாமாக ஒழுங்காகும் என்று 1957-இல் ஆல்டரும் வெயின்ரைட்டும் கணினியில் காட்டினார்கள். 1986-இல் பியூசியும் வான் மெகனும் அதை உண்மையான கூழ்மத்தில், அதாவது நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள் கலவையில், பார்த்தார்கள். கோளங்கள் மொத்தக் கனஅளவில் 49.4 விழுக்காட்டை எட்டும்போது படிகம் தோன்றத் தொடங்கும், 54.5 விழுக்காட்டைத் தாண்டினால் முழுவதும் படிகமே நிலையானது. வரிசையாக நின்றால் ஒவ்வொன்றுக்கும் அசைய இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது என்பதுதான் காரணம். நெரிசலில் கன்னாபின்னாவென்று நிற்பதைவிட வரிசையில் நிற்பது வசதி. அவ்வளவுதான்.

இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த எழுந்து உட்காரும் வாய்ப்பைக் காப்பாற்றத்தான்.

துகளைத் தேர்ந்தெடுப்பது

அளவு ஒன்றுபோல இருக்க வேண்டும். விட்ட வேறுபாடு 5 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. 10 விழுக்காட்டை நெருங்கினால் எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் நல்ல படிகம் வராது. விற்பவர்கள் தரும் தாளில் சராசரி விட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் உள்ள வேறுபாட்டு எண்தான் முக்கியம்.

சிலிக்கா உருண்டைகளை ஆய்வகத்திலேயே செய்ய, 1968-இல் ஸ்டோபரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: எத்தனாலில் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட், அம்மோனியா, தண்ணீர். எளிதுதான். ஆனாலும் முதல்முறை வாங்கியே செய்யுங்கள். துகளையும் நீங்களே செய்து, அடுக்குவதையும் நீங்களே செய்தால், தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பாலிஸ்டைரீனா சிலிக்காவா என்றால் முதலில் பாலிஸ்டைரீன். அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்பதால், 200 நானோமீட்டர் உருண்டை ஒரு நாளில் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் கீழிறங்கும். அதே அளவு சிலிக்கா ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இறங்கிவிடும். விட்டம் இரு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. எனவே 400 நானோமீட்டர் சிலிக்காவைத் தண்ணீரில் இரண்டு நாள் வைத்தால், தகட்டில் ஏறுவதற்குள் பெரும்பகுதி குப்பியின் அடியில் படிந்திருக்கும். சிலிக்காவுக்கு விரைவாக ஆவியாகும் எத்தனாலைப் பயன்படுத்துவது இதனால்தான்.

புட்டியைக் குளிரில் வைக்கலாம். உறைய மட்டும் விடக்கூடாது. ஒருமுறை உறைந்தால் துகள்கள் கட்டிதட்டிவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் பிரியாது.

கழுவுவது

பலரும் தாவிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது.

வாங்கும் பாலிஸ்டைரீன் கலவையில் துகள்கள் ஒட்டாமல் இருக்க, சோப்பு போன்ற பரப்புச் செயலிகளும், கொஞ்சம் உப்பும் இருக்கும். எல்லாத் துகள்களின் மேற்பரப்பிலும் ஒரே வகையான, எதிர்மறை (நெகட்டிவ்) மின்னேற்றம் உண்டு. அதனால்தான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. உப்பு கூடினால் இந்தத் தள்ளுவிசை எட்டும் தூரம் சுருங்கிவிடும். சோடியம் குளோரைடு போன்ற உப்பு லிட்டருக்கு 1 மில்லிமோல் இருந்தால் அந்தத் தூரம் சுமார் 10 நானோமீட்டர். 100 மில்லிமோல் ஆனால் 1 நானோமீட்டர். அந்த அளவுக்குப் போனால் துகள்கள் நெருங்கி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

சிறு குழாய்களில் ஊற்றி, மையவிலக்கியில் ஈர்ப்பு விசையைப்போல் சுமார் 10,000 மடங்கில் அரை மணி சுழற்றுங்கள். மேலே தெளிந்த நீரை எடுத்துவிட்டு, அயனி நீக்கிய புதுத் தண்ணீர் சேர்த்து, மீயொலித் தொட்டியில் வைத்துக் கலையுங்கள். மூன்று முறை போதும். அடியில் படிந்தது இறுகி, கலைய மறுத்தால் வேகத்தைக் குறையுங்கள். அவசரமில்லாதவர்கள், துகளை உள்ளே நிறுத்தி உப்பை வெளியே விடும் டயாலிசிஸ் பையில் கட்டி, தினமும் தண்ணீரை மாற்றி ஒரு வாரம் விடலாம். துகளுக்கு அதுதான் மென்மையான வழி.

நன்றாகக் கழுவிய கலவையைக் கொஞ்சம் அடர்த்தியாக்கி ஓரமாக வைத்துப் பாருங்கள். சில சமயம் புட்டியின் சுவரில் வானவில் புள்ளிகள் தெரியும். தண்ணீருக்குள்ளேயே, ஒன்றையொன்று தொடாமல், தள்ளுவிசையால் மட்டுமே துகள்கள் படிகமாகியிருக்கின்றன. குலுக்கினால் மறையும், வைத்தால் திரும்ப வரும். கழுவியது போதுமா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

தகடு

தண்ணீர் கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கக்கூடாது. விரிந்து படர வேண்டும். சோப்புக் கரைசலில் கழுவி, தண்ணீரில் அலசி, ஐசோப்ரோப்பனாலில் மீயொலிக் குளியல் கொடுத்து உலர்த்துங்கள். அப்புறம் ஆக்சிஜன் பிளாஸ்மாவோ புற ஊதா ஓசோனோ இருந்தால் பத்து நிமிடம். இல்லாவிட்டால் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் சிறிது நேரம் ஊறவைத்து நன்றாக அலசினாலும் போதும். பழைய நூல்களில் அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலைச் சொல்லியிருப்பார்கள். கரிமப் பொருள் பட்டால் அது வெடிக்கக்கூடியது. இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. சுத்தம் செய்த தகட்டை அன்றே பயன்படுத்திவிடுங்கள். காற்றில் கிடந்தால் மறுபடி எண்ணெய்ப்பசை படியும்.

முப்பரிமாணப் படிகம்: செங்குத்து முறை

தகட்டில் ஒரு சொட்டு விட்டு உலர்த்தினால் என்ன என்றுதான் முதலில் தோன்றும். செய்து பாருங்கள், ஒரு வளையம் கிடைக்கும். சொட்டின் ஓரம் தகட்டில் ஒட்டி நகராமல் நிற்கிறது; ஓரத்தில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது; அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. 1997-இல் டீகனும் அவரது குழுவினரும் விளக்கிய காபி வளைய விளைவு இது. வளையத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் வெளி விளிம்பில் துகள்கள் ஒழுங்காகவும், உள்பக்கம் குழம்பியும் இருக்கும். முதலில் வந்தவற்றுக்கு இடம் தேட நேரம் இருந்தது. கடைசியில் வந்தவை முண்டியடித்துக்கொண்டு வந்தன.

செங்குத்து முறையிலும் இதே ஓட்டம்தான் வேலை செய்கிறது. ஆனால் இங்கே அதை மெதுவாக்கி, ஒரே திசையில் நகர்த்துகிறோம்.

கழுவிய கலவையை எடையில் 0.1 முதல் 0.5 விழுக்காடு வரை நீர்த்துக்கொள்ளுங்கள். சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, தகட்டை நேராகவோ லேசாகச் சாய்த்தோ நிறுத்துங்கள். 50 முதல் 60 டிகிரி செல்சியஸில், விசிறி ஓடாத ஓவனில் வையுங்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும் என்பதால் சூட்டைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். தகட்டை ஒட்டி மேலேறி நிற்கும் மெல்லிய நீர்விளிம்பில் ஆவியாதல் நடக்கும். துகள்கள் அங்கே வந்து சேரும். துகளைவிட நீர்ப்படலம் மெலிந்ததும் பரப்பு இழுவிசை அவற்றை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கும். நீர்மட்டம் இறங்க இறங்கப் படலம் கீழ்நோக்கி வளரும்.

எத்தனை அடுக்கு வரும் என்பதைச் செறிவு தீர்மானிக்கிறது. இரு மடங்கு செறிவு என்றால் ஏறக்குறைய இரு மடங்கு அடுக்குகள். நிறம் பளிச்சென்று தெரியப் பத்து அடுக்காவது வேண்டும்.

நான் முதல்முறை செய்தபோது ஆர்வம் தாங்காமல் மணிக்கு ஒருமுறை ஓவனைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மறுநாள் படலத்தில் கிடைக்கோடுகள் வரிசையாக இருந்தன. கதவைத் திறந்தபோதெல்லாம் காற்று அடித்து, நீர்விளிம்பு அதிர்ந்து, ஒரு கோடு விழுந்திருக்கிறது. எத்தனை தடவை திறந்தேன் என்று தகடே கணக்கு வைத்திருந்தது. பக்கத்து மேசையில் வெற்றிடப் பம்பு ஓடினாலும் இதே கதைதான்.

நிறத்தைப் படிப்பது

நன்றாக அமைந்த பாலிஸ்டைரீன் படலத்தை நேராகப் பார்க்கும்போது, அது திருப்பி அனுப்பும் ஒளியின் அலைநீளம் துகளின் விட்டத்தைப்போல் சுமார் 2.38 மடங்கு. 190 நானோமீட்டர் துகள் நீலம் தரும், 220 பச்சை, 270 சிவப்பு. சிலிக்காவுக்கு இந்தப் பெருக்கம் சுமார் 2.2. தகட்டைச் சாய்த்தால் நிறம் நீலப் பக்கம் நகர வேண்டும். நகராமல் ஒரே மங்கல் நிறமாக இருந்தால், துகள்கள் நெருங்கியிருக்கின்றன, ஆனால் வரிசையில் இல்லை.

ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தும் பார்க்கலாம். துகள்களுக்கு இடையிலுள்ள காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடிக்கும்போது, 220 நானோமீட்டர் படலத்தின் நிறம் சுமார் 25 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகரும், மங்கவும் செய்யும். உலர்ந்ததும் பழையபடி வந்துவிடும். ஓப்பல் கல்லின் மினுமினுப்பும் இதே வகைதான். அதற்குள் சிலிக்கா உருண்டைகள் வரிசையாக அடுக்கியிருப்பதை 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள்.

வெடிப்புகள் இருக்கும். ஈரமாக இருந்தபோது கொஞ்சம் உப்பியிருந்த அடுக்கு காயும்போது சுருங்குகிறது, தகடு சுருங்குவதில்லை. மெதுவாகக் காயவிட்டால் குறையுமே தவிர, முற்றிலும் நிற்காது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கொண்டுபோகும் முன் மெல்லிய தங்கப் பூச்சு கொடுங்கள், இல்லையென்றால் படம் மின்னேற்றத்தால் வெளுத்துப்போகும். மேற்பரப்பில் ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் ஆறு உருண்டைகள் தெரிய வேண்டும். அடுக்குகளின் வரிசைமுறையில் பிழை இருந்தால் வருந்த வேண்டாம். கனசதுர அடுக்குக்கும் அறுகோண அடுக்குக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு, ஒரு துகளுக்கு, வெப்ப ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இயற்கையே அங்கே தடுமாறும்.

இருபரிமாணம்: தண்ணீர் மேல் ஒற்றை அடுக்கு

இதற்கு 500 நானோமீட்டர் துகள் வசதி. ஓர் அகலமான தட்டில் தண்ணீர் நிரப்பி, நன்கு சுத்தம் செய்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாய்வாக, பாதி முழுகும்படி வையுங்கள். அடர்த்தியான துகள் கலவையோடு சம அளவு எத்தனால் சேர்த்து, பைப்பெட்டால் அந்தச் சாய்வில் மெல்ல வடியவிடுங்கள். எத்தனால் தண்ணீரின் மேற்பரப்பில் பரவி ஓடும்போது துகள்களையும் கூட்டிக்கொண்டு போகும். பரப்பில் ஏறிய துகள் எளிதில் இறங்காது. அதைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் வெப்ப ஆற்றலைவிடப் பல்லாயிரம் மடங்கு.

பரப்பின் பெரும்பகுதி மூடியதும் நிறுத்திவிட்டு, சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற பரப்புச் செயலியின் நீர்த்த கரைசலை ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அந்தப் பக்கம் பரப்பு இழுவிசை குறைய, சிதறிக் கிடந்த துகள் திட்டுகள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி ஒரே விரிப்பாகும். பார்க்கவே அழகாக இருக்கும். ஒரு சொட்டுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். அதிகமானால் விரிப்பு மடிந்து, துகள்கள் மூழ்கத் தொடங்கும். பிறகு புதுத் தகட்டைத் தண்ணீருக்குள் இறக்கி, விரிப்புக்கு அடியிலிருந்து சாய்வாகத் தூக்கி, சாய்த்தபடியே காயவையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 46 கோடி உருண்டைகள் வந்திருக்கும்.

இந்த விரிப்பின் மேல் உலோகத்தை ஆவியாக்கிப் படியவிட்டு, உருண்டைகளை நீக்கினால், இடுக்குகளில் விழுந்த உலோகம் சிறு முக்கோணங்களாக நிற்கும். நானோகோள அச்சுமுறை என்று இதற்குப் பெயர்.

20 நானோமீட்டருக்குக் கீழே

இங்கே வந்ததும் விதிகள் கொஞ்சம் மாறும். மின்னேற்றத்துக்குப் பதிலாக, துகளைப் போர்த்தியிருக்கும் நீண்ட கார்பன் சங்கிலிகள்தான் அவற்றைப் பிரித்து வைக்கின்றன. தங்கம் என்றால் டோடெகேன்தயோல் போர்வை, கரைப்பான் டொலுயீனோ ஹெக்சேனோ. போர்வையைக் கழுவுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கழுவாமல் விட்டால் உபரிச் சங்கிலிகள் காய்ந்து, மெழுகாகப் படியும். நான்கைந்து முறை கழுவினால் போர்வையே உரிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இரண்டு முறை கழுவி, பார்த்துவிட்டு, தேவையென்றால் மூன்றாவது.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, 2010-இல் மர்ரியின் குழு வெளியிட்ட திரவ மேற்பரப்பு முறை. டெஃப்லானில் குடைந்த சிறு குழியில் டைஎத்திலீன் கிளைக்காலைப் பாதி நிரப்பி, அதன் மேல் ஹெக்சேனில் கலந்த துகள்களைச் சில பத்து மைக்ரோலிட்டர் விட்டு, கண்ணாடித் தகட்டால் மூடிவிடுங்கள். ஹெக்சேன் கிளைக்காலில் கலக்காது. மேலேயே பரவி, மூடி இருப்பதால் மெல்ல ஆவியாகும். சுமார் முக்கால் மணியில் மிதக்கும் மெல்லிய படலம் கிடைக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கம்பிவலையை அடியில் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். இரு வேறு அளவுத் துகள்களைச் சரியான விகிதத்தில் கலந்தால், இரண்டும் சேர்ந்து அடுக்கிய படிகங்களும் வரும். சிறியதன் ஆரம் பெரியதில் 0.58 அளவாக இருந்தால், ஒரு பெரிய துகளுக்கு 13 சிறியவை என்ற அமைப்புக்கூட உண்டாகும். அது முதல் மாதத்துக்கான வேலை அல்ல.

முப்பரிமாணக் கட்டி வேண்டுமென்றால், டொலுயீனில் உள்ள துகள்களை ஒல்லியான குழாயில் எடுத்து, அதன் மேல் எத்தனாலைக் கலங்காமல் ஊற்றி, மூடி வையுங்கள். எத்தனால் உள்ளே ஊடுருவ ஊடுருவ, துகள்கள் ஒன்றையொன்று நாடத் தொடங்கும். நாள்கணக்கில் ஆகும். ஒரே மணியில் கறுப்பாகப் படிந்துவிட்டால் அது படிகமல்ல, வெறும் வீழ்படிவு.

டொலுயீன், ஹெக்சேன் வேலைகளெல்லாம் புகைபோக்கிக் கூண்டுக்குள்தான். காட்மியம், காரீயம் உள்ள துகள்கள் நச்சுத்தன்மை கொண்டவை. கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேருங்கள். உலர்ந்த நானோத்தூளைத் திறந்த மேசையில் கையாளாதீர்கள்.

டி.என்.ஏ. பற்றிக் கேட்பீர்கள்

துகள்களை டி.என்.ஏ.வால் இணைக்கலாமே என்று கட்டாயம் கேட்பீர்கள். 1996-இல் மிர்கின் குழுவும் அலிவிசாட்டோஸ் குழுவும் தங்கத் துகள்களை டி.என்.ஏ. இழைகளால் இணைத்துக் காட்டின. அந்த முறையில் ஒழுங்கான முப்பரிமாணப் படிகம் கைகூட 2008 வரை ஆயிற்று. எந்தத் துகள் எதோடு சேர வேண்டும் என்பதை இழையின் எழுத்து வரிசையிலேயே எழுதிவிடலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் இழைகளைச் சேர்த்தவுடன் கிடைப்பது வெறும் கட்டிதான். இழைகள் அவிழும் வெப்பநிலைக்கு மேலே சூடாக்கி, பத்து நிமிடத்துக்கு 0.1 டிகிரி வீதம், இரண்டு மூன்று நாள் குளிரவைத்தபோதுதான் முகங்கள் தீட்டிய ஒற்றைப் படிகங்கள் வந்தன. இன்னொன்று: இந்தப் படிகங்கள் உப்புநீருக்குள்தான் வாழும். அப்படியே உலர்த்தினால் சரிந்து சுருங்கிவிடும் என்பதால், முதலில் சிலிக்காவில் பொதிந்து, பிறகுதான் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைக்கிறார்கள்.